வெள்ளையணுவுக்குள் கால்சியம் என்ன செய்கிறது?

"வெள்ளையணுக்கள் வேலை செய்யக் கால்சியம் வேண்டும், அதனால் கால்சியம் நிறையச் சாப்பிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று ஒரு பேச்சு வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதன் முதல் பாதி முழு உண்மை. கால்சியம் இல்லாவிட்டால் வெள்ளையணுவால் கிருமியைக் கண்டும் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவது பாதிதான் தவறு. கால்சியம் என்றதும் நமக்கு எலும்பும் பல்லும் நினைவுக்கு வருவதால், செல்லுக்குள்ளும் அது ஏதோ சத்தாகப் போய்ச் சேர்ந்து பலம் கொடுக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அங்கே அது செய்வது தகவல் சொல்லும் வேலை. "எதிரி வந்துவிட்டான், எழுந்திரு" என்ற தகவலைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே கொண்டுபோவதுதான் அதன் பொறுப்பு. இது புரிந்துவிட்டால் நோய் எதிர்ப்பைப் பற்றிப் பரவும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நிதானமாக, அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

நம் உடம்பில் மொத்தம் ஒரு கிலோ அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் பூட்டிக் கிடக்கிறது. மீதி ஒரு சதவீதத்தில் ஒரு சிறு பங்குதான் இரத்தத்தில் ஓடுகிறது, அதிலும் ஏறக்குறைய பாதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டாமல் தனியாக, மின்னூட்டத்தோடு மிதக்கும் பாதிக்குத்தான் கால்சியம் அயனி என்று பெயர். இந்தக் கட்டுரை முழுக்க நாம் பேசப்போவது இந்த அயனியைப் பற்றித்தான்.

இரத்தத்தில் இந்த அயனியின் செறிவு சுமார் 1.2 மில்லிமோலார். அமைதியாக இருக்கும் ஒரு வெள்ளையணுவின் உள்ளே அது சுமார் 100 நானோமோலார். அலகுகளை விடுங்கள், விகிதத்தை மட்டும் பாருங்கள்: வெளியே இருப்பது உள்ளே இருப்பதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால், 7 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறிய வெள்ளையணுவுக்குக் கணக்குப் போட்டால், உள்ளே தனியாக மிதக்கும் கால்சியம் அயனிகள் சுமார் பத்தாயிரம்தான் தேறும். அதே கொள்ளளவுள்ள இரத்தத் திரவத்தில் பத்துக் கோடிக்கும் மேல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பதோ வெறும் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு கொழுப்புப் படலம்.

செல் ஏன் இப்படிக் கஷ்டப்பட்டுக் கால்சியத்தை வெளியே வைக்கிறது? கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் கரையாத உப்பாகப் படிந்துவிடும், எலும்பு உண்டாவதே அப்படித்தான். செல்லுக்குள் ஆற்றல் பரிமாற்றம் முழுக்கப் பாஸ்பேட்டை நம்பியே நடக்கிறது. அங்கே கால்சியம் தாராளமாகப் புழங்கினால் எல்லாம் நின்றுபோகும். அதனால் வெள்ளையணு மட்டுமில்லை, உடம்பின் எல்லாச் செல்களுமே கால்சியத்தை இராப்பகலாக வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. இப்படித் தற்காப்புக்காக ஏற்பட்ட ஒரு பெரிய ஏற்றத்தாழ்வைத்தான் உயிரினங்கள் பிற்பாடு செய்தி அனுப்பும் வழியாகப் பயன்படுத்திக்கொண்டன.

தெருவில் வெள்ளம், உள்ளே ஈரமில்லாத வீடு

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மழைக்காலம், தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். வீட்டின் தரையோ தெருவை விடத் தாழ்வு. ஆனாலும் கதவுகள் இறுக்கமாகச் சாத்தியிருப்பதால் தரை காய்ந்தே கிடக்கிறது. எப்படியோ கசிந்து உள்ளே வரும் கொஞ்ச நீரையும் இரண்டு மோட்டார்கள் ஓயாமல் இறைக்கின்றன. ஒன்று நேராகத் தெருவுக்குத் தள்ளுகிறது, மற்றொன்று வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு தொட்டியில் ஏற்றுகிறது. அந்தத் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கிறது, அதன் மட்டத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு சென்சாரும் இருக்கிறது.

தெரு என்பது இரத்தம். காய்ந்த தரை என்பது செல்லின் உள்திரவம், அதாவது சைட்டோபிளாசம். தொட்டி என்பது எண்டோபிளாச வலை: செல்லுக்குள் மடிப்பு மடிப்பாகப் பரவியிருக்கும் பை போன்ற உறுப்பு. புரதங்களைத் தயாரிப்பதோடு கால்சியத்தைச் சேமித்து வைப்பதும் அதன் வேலை. அதற்குள் இருக்கும் கால்சியச் செறிவு, சைட்டோபிளாசத்தில் இருப்பதை விட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். மோட்டார்கள் என்பவை படலத்தில் பதிந்திருக்கும் புரதங்கள், செல்லின் ஆற்றலைச் செலவழித்து அயனிகளைத் தள்ளுபவை.

இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் பொருந்தாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அது நமக்குச் சேதம். செல்லுக்கோ, தரையில் ஏற்படும் அந்த ஈரம்தான் செய்தி. தரை காய்ந்திருந்தால்தான் கொஞ்சம் நீர் பரவினாலும் உடனே தெரியும், ஏற்கெனவே நனைந்த தரையில் எத்தனை குடம் கொட்டினாலும் யாருக்கும் தெரியாது. வெள்ளையணு கிருமியைக் கண்டுகொண்டால் உள்ளே கால்சியம் 100 நானோமோலாரிலிருந்து 1,000 வரை ஏறும். பத்து மடங்கு ஏற்றம், ஆனாலும் வெளியே இருப்பதோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: செல்லுக்கு வெளியே கால்சியம் மிக அதிகம், உள்ளே மிகக் குறைவு, உள்ளேயே ஒரு சேமிப்புத் தொட்டியும் இருக்கிறது. செய்தி என்பது அந்தக் குறைந்த அளவு சிறிது நேரத்துக்கு உயர்வது.

அப்படியானால் மாத்திரை சாப்பிட்டால்?

தெருவில் இடுப்பளவு நிற்கும் தண்ணீரில் இன்னும் நாலு குடம் ஊற்றினால் வீட்டுக்குள் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. கதவு சாத்தியிருக்கிறது.

அது மட்டுமில்லை, தெருவின் மட்டத்தையும் நம் விருப்பத்துக்குக் கூட்டிவிட முடியாது. கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் பொதுவாக நான்கு சிறு சுரப்பிகள் உண்டு, அவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயர். இரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் இறங்கினாலே அவை ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, சிறுநீரில் போவதைக் குறைத்து, குடலில் உறிஞ்சுவதைக் கூட்டிச் சரிசெய்துவிடும். கூடினால் சுரப்பு குறையும், மிஞ்சியது சிறுநீரில் போகும். அதனால்தான் பரிசோதனைக் கூடத்தில் இரத்தக் கால்சியம் ஆரோக்கியமான யாருக்குப் பார்த்தாலும் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு "உங்கள் எதிர்ப்புச் சக்தி இவ்வளவு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளையணுவுக்குள் நடப்பது அந்த எண்ணில் தெரியாது.

எலும்புக்காகவோ கர்ப்பகாலத்திலோ மருத்துவர் கால்சியம் எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தச் சொல்லி நான் இங்கே எழுதவில்லை. அந்தத் தேவை வேறு, அது உண்மையான தேவை. கேழ்வரகும் பாலும் நல்ல உணவு என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. காய்ச்சல் வராமல் இருக்க என்று தானாகவே மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டு போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அதில் எதிர்ப்புச் சக்தி கூடாது, சிலருக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்புதான் கூடும்.

ஒரு டி செல் எதிரியைத் தொடும்போது

வெள்ளையணுக்களில் பல வகை உண்டு. இந்தக் கால்சியக் கதை மிக நன்றாக ஆராயப்பட்டிருப்பது டி செல்லில். எந்தக் கிருமியை எதிர்ப்பது, யாரை உதவிக்குக் கூப்பிடுவது என்று முடிவெடுக்கும் அணு அது. ஒவ்வொரு டி செல்லின் மேற்பரப்பிலும் ஒரே வகை ஏற்பிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஏற்பி என்பது வெளியே இருக்கும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பிடித்துப் பார்த்து, பொருந்தினால் உள்ளே தெரிவிக்கும் புரதம். அது தேடும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். டி செல்லைப் பொறுத்தவரை ஆன்டிஜென் என்பது பெரும்பாலும் கிருமியின் புரதத்திலிருந்து வெட்டப்பட்ட சிறு துண்டு, வேறொரு செல் அதைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும்.

நிணநீர்க் கணுவுக்குள் டி செல்கள் நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தபடி, ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகும். தன் ஏற்பிக்குப் பொருந்தும் துண்டு கிடைத்ததும் சில நொடிகளிலேயே உள்ளே கால்சியம் ஏறும், டி செல் ஊர்வதை நிறுத்திவிட்டு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நிற்கச் சொல்வதே அந்தக் கால்சியம்தான்.

ஏற்பியில் தொடங்கித் தொட்டி வரை நடப்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன், இடையில் வரும் ஏழெட்டுப் புரதங்களின் பெயர்கள் தொடக்கத்தில் யாருக்கும் தேவைப்படாது. ஏற்பி விழித்ததும் படலத்தின் உட்புறத்தில் ஒரு நொதி வேலையைத் தொடங்குகிறது. அது படலத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளில் ஒன்றின் பெயர் ஐபி3. இது சர்க்கரை போன்ற ஒரு சிறு மூலக்கூறு, நீரில் கரைவதால் படலத்தை விட்டுக் கிளம்பி எண்டோபிளாச வலை வரை மிதந்து போகிறது. அங்கே அதற்கென்றே இருக்கும் ஒரு வால்வில் போய் உட்கார்ந்ததும் வால்வு திறந்து, தொட்டியில் இருந்த கால்சியம் சைட்டோபிளாசத்துக்குள் கொட்டுகிறது.

சரி, செய்தி வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தொட்டி சிறியது, மோட்டார்களோ நிற்காமல் இறைத்துக்கொண்டிருக்கின்றன. தொட்டியிலிருந்து வந்தது மட்டும் என்றால் சில நிமிடங்களில் தரை மறுபடியும் காய்ந்துவிடும். டி செல்லுக்கோ மணிக்கணக்கில் நீடிக்கும் செய்தி வேண்டும். மீதிக் கால்சியம் தெருவிலிருந்துதான் வர வேண்டும்.

தொட்டி காலியானால் தெருக்கதவு திறக்கும்

தெருக்கதவைத் திறப்பது ஏற்பி இல்லை. தொட்டி காலியாவதுதான் அதைத் திறக்கிறது. இந்த யோசனையை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் புட்னி 1986இல் முன்வைத்தார். அப்போது அந்தக் கதவு எந்தப் புரதம் என்று யாருக்கும் தெரியாது. 1989இல் ரிச்சர்ட் லூயிஸும் மைக்கேல் கஹாலனும் டி செல் படலத்தின் வழியே மிக மிக மெல்லிய ஒரு கால்சிய மின்னோட்டம் ஓடுவதை அளந்து காட்டினார்கள். 1992இல் ஹோத், பென்னர் இருவரும் மாஸ்ட் செல்லில் (ஒவ்வாமையில் பங்குள்ள இன்னொரு நோயெதிர்ப்பு அணு), சேமிப்பு காலியானதும் அதே மாதிரி மின்னோட்டம் எழுவதைக் காட்டினார்கள். மின்னோட்டம் தெரிந்தது, கதவு தெரியவில்லை. இந்த நிலை இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

2005இல் முதலில் சென்சார் கிடைத்தது. பெயர் ஸ்டிம்-1. எண்டோபிளாச வலையின் சுவரில் பதிந்திருக்கும் புரதம். அதன் ஒரு நுனி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டு அங்கிருக்கும் கால்சியத்தைப் பிடித்திருக்கும். தொட்டியில் கால்சியம் குறைந்தால் பிடியிலிருந்ததும் நழுவிவிடும், அப்போது ஸ்டிம்-1 வடிவம் மாறி, பக்கத்தில் இருக்கும் தன் இனத்தோடு கூட்டாகச் சேர்ந்து, எண்டோபிளாச வலை செல்லின் வெளிப்படலத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டிருக்கும் இடங்களுக்கு நகர்ந்து போகும். அங்கே வெளிப்படலத்தில் இருக்கும் கதவைத் தொட்டுத் திறக்கும்.

அந்தக் கதவு 2006இல் கிடைத்தது. ஓராய்-1 என்று பெயர். ஆறு புரதங்கள் வளையமாகச் சேர்ந்து நடுவில் விடும் ஒரு துளைதான் இந்தக் கதவு. இதில் என்னை இன்னும் வியக்க வைப்பது, வெளியே சோடியம் அயனிகள் கால்சியத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் இருந்தும் இந்தத் துளை சோடியத்தைக் கிட்டத்தட்ட அண்டவே விடாமல் கால்சியத்தை மட்டும் உள்ளே அனுப்புவது. ஒரு துளை வழியே போகும் அளவு மிகமிகக் குறைவு, ஆனால் அது நிதானமாக, மணிக்கணக்கில் போகும்.

சுருக்கமாக: ஏற்பி ஆன்டிஜெனைப் பிடிக்கிறது, ஐபி3 தொட்டியைத் திறக்கிறது, தொட்டி இறங்குவதை ஸ்டிம்-1 உணர்கிறது, அது ஓராய்-1 கதவைத் திறக்க, வெளியிலிருந்து கால்சியம் தொடர்ந்து உள்ளே வருகிறது.

கதவு திறக்காத இரண்டு குழந்தைகள்

ஓராய்-1 கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைச் சொல்லாமல் போனால் இந்த விஷயத்தின் கனம் தெரியாது. 1990களில் ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளுக்கு, பிறந்த கொஞ்ச காலத்திலேயே கடுமையான தொற்றுகள் வரத் தொடங்கின. கடுமையான பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் இரத்தத்தில் டி செல்கள் எண்ணிக்கையில் குறையவில்லை. ஏற்பிகளும் இருந்தன. செல்கள் இருந்தும் கிருமியைக் கண்டு எழவில்லை. ஸ்டீபன் ஃபெஸ்கே என்ற ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் அந்தச் செல்களை எடுத்துப் பார்த்தபோது, தூண்டினாலும் வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வரவில்லை என்று தெரிந்தது.

காரணத்தைத் தேடுவது ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிற்பாடு ஹார்வர்டில் இந்தியாவில் பிறந்த அஞ்சனா ராவின் ஆய்வகத்தில், அந்தக் குடும்பத்தின் மரபணுக்களை ஒரு பக்கம், பழ ஈயின் செல்களில் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்க்கும் சோதனையை மறுபக்கம் வைத்துத் தேடியதில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. ஓராய்-1 புரதத்தின் 91ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அதனால் கதவு செய்யப்பட்டது, பொருத்தப்பட்டது, ஆனால் திறக்கவில்லை. அதே 2006இல் வேறு இரண்டு குழுக்களும் பழ ஈ வழியாகவே இந்தப் புரதத்தைத் தனித்தனியாகக் கண்டடைந்தன.

எத்தனை கால்சியம் கொடுத்திருந்தாலும் இப்படிப்பட்ட குழந்தைக்குப் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் தெருவில் தண்ணீருக்குக் குறைவே இல்லை. இவர்களுக்கு உள்ள வழி எலும்பு மஜ்ஜை மாற்று. அப்போதும் இரத்த அணுக்கள்தான் சரியாகும். இதே கதவு தசையிலும் வியர்வைச் சுரப்பியிலும் பல்லின் எனாமல் உருவாகும் இடத்திலும் தேவைப்படுவதால், அங்கே ஏற்படும் தளர்ச்சியும் குறையும் அப்படியே இருந்துவிடும்.

செய்தி உட்கருவுக்குள் போவது

கால்சியம் உள்ளே வந்தாயிற்று. அப்புறம் என்ன?

சைட்டோபிளாசத்தில் கால்மாடுலின் என்ற புரதம் காத்திருக்கும். நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்ததும் அதன் வடிவம் மாறும். மாறிய கால்மாடுலின் போய்க் கால்சிநியூரின் என்ற நொதியைத் தட்டி எழுப்பும். கால்சிநியூரினின் வேலை, வேறு புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றுவது. அது கழற்றிவிடும் புரதங்களில் நமக்கு முக்கியமானது என்ஃபேட். பாஸ்பேட் ஒட்டியிருக்கும் வரை என்ஃபேட் சைட்டோபிளாசத்திலேயே முடங்கிக் கிடக்கும். கழன்றதும் உட்கருவுக்குள் போய், குறிப்பிட்ட மரபணுக்களின் மேல் உட்கார்ந்து அவற்றை இயக்கும். அவற்றில் ஒன்று இன்டர்லூக்கின்-2 மரபணு. இன்டர்லூக்கின்-2 என்பது டி செல்களைப் பெருகச் சொல்லும் புரதம். தொண்டையில் கிருமி நுழைந்து சில நாட்களில் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அதற்குள்ளே நடப்பதில் பெரும்பங்கு இப்படி அணுக்கள் வந்து சேர்ந்து பெருகுவதுதான்.

கால்சியம் இறங்கினால் செல்லில் இருக்கும் வேறு நொதிகள் என்ஃபேட்டின் மேல் பாஸ்பேட்டை மறுபடி ஒட்டிவிடும், சில நிமிடங்களில் அது உட்கருவை விட்டு வெளியே வந்துவிடும். தெருக்கதவு மணிக்கணக்கில் திறந்திருக்க வேண்டிய காரணம் இதுதான். ஒரு கணம் தவறுதலாகத் தொட்டுவிட்டுப் போனதற்கெல்லாம் டி செல் படை திரட்டத் தொடங்கினால் உடம்பு தாங்காது, அதனால் தொடர்ந்து வரும் செய்தியைத்தான் அது மதிக்கிறது.

எவ்வளவு என்பதை விட எப்படி என்பது

கால்சியம் ஏறுவது எப்போதும் ஒரே மாதிரி நேர்க்கோடாக இருப்பதில்லை. பல டி செல்களில் அது ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஓர் அலை என்ற தாளத்தில் போகும். அலையின் உயரம், நீளம், இடைவெளி மூன்றுக்கும் பொருள் உண்டு. 1997இல் ரிக்கார்டோ டோல்மெட்ஷும் அவரோடு இருந்தவர்களும் பி செல்களில் (எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளையணு வகை) இதை நேரடியாகக் காட்டினார்கள்: குறைந்த உயரத்தில் நீண்டநேரம் நிற்கும் கால்சியம் என்ஃபேட்டை எழுப்பியது, உயரமாக எழுந்து சட்டென இறங்கும் கால்சியம் வேறு மரபணு இயக்கிகளை எழுப்பியது. பொருள் ஒன்றுதான், தாளம் மாறினால் செல் எடுக்கும் முடிவும் மாறுகிறது.

இன்னொன்று, எனக்கு இந்த விஷயத்திலேயே மிக முக்கியமாகப் படுவது. கால்சியம் மட்டும் வந்தால் டி செல் எழுவதில்லை, மாறாகச் செயலற்றுப் போகிறது. உண்மையான ஆபத்து இருக்கும்போது, ஆன்டிஜெனைக் காட்டும் செல் கூடவே இரண்டாவது சமிக்ஞை ஒன்றையும் கொடுக்கும். அது வேறொரு பாதை வழியாக உள்ளே போய், உட்கருவில் என்ஃபேட்டுக்குக் கூட்டாளியாக வேறொரு புரதத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். கூட்டாளி வந்தால் டி செல் போருக்குத் தயாராகும். வராமல் என்ஃபேட் மட்டும் தனியாக உட்கார்ந்தால் வேறு மரபணுக்கள் இயங்கி, அந்த டி செல் இனி அதே ஆன்டிஜெனைக் கண்டாலும் அசையாத நிலைக்குப் போய்விடும். நம் சொந்த உடம்பின் புரதங்களை நாமே தாக்காமல் இருக்க உள்ள ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. ஆய்வகத்தில் அயோனோமைசின் என்ற, கால்சியத்தைப் படலத்தைத் தாண்டி உள்ளே கடத்தும் பொருளை மட்டும் கொடுத்தால் டி செல்கள் இப்படி அடங்கிப்போவதைப் பார்க்கலாம். "கால்சியம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும்" என்ற கணக்கு செல்லின் உள்ளேயேகூடப் பொய்த்துப்போகிறது.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு: கால்சியத்தின் தாளத்தைப் பொறுத்து இயங்கும் மரபணு மாறும், கூடவே இரண்டாவது சமிக்ஞை இருந்தால்தான் அது தாக்குதலாக மாறும்.

மற்ற அணுக்களில்

நம் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடி வந்து சேர்பவை அவைதான். பாக்டீரியாவின் புரதத் துணுக்கு அவற்றின் ஏற்பியில் பட்டதும் சில நொடிகளில் கால்சியம் ஏறும். அங்கே மரபணு வரை போய்க் காத்திருக்க நேரமில்லை, கிருமியைக் கொல்லும் பொருள்கள் அடைத்த பைகளைக் கொட்டுவதற்கும், ஆக்சிஜனிலிருந்து நச்சு மூலக்கூறுகளைத் தயாரிப்பதற்கும் அந்தக் கால்சியம் நேராகவே உதவுகிறது. தோலிலும் மூச்சுக்குழாயிலும் தங்கியிருக்கும் மாஸ்ட் செல்களில், தூசியோ மகரந்தமோ பட்டதும் ஏறும் கால்சியம்தான் ஹிஸ்டமின் பைகளை வெளியே கொட்டவைக்கிறது. தும்மலும் தடிப்பும் அதன் விளைவு. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் டி செல்லுக்குக் கால்சியம் இரண்டு தடவை தேவை. கொல்லும் பொருளை வெளியே விட உள்ளே ஏறும் கால்சியம், வெளியே வந்த பெர்ஃபோரின் என்ற புரதம் எதிரிச் செல்லின் படலத்தில் ஒட்டித் துளைபோட அங்கே ஏற்கெனவே இருக்கும் கால்சியம்.

இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள்?

கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் கண்ணுக்கே தெரியாத அயனி ஏறுகிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது என்ற கேள்வி நியாயமானது. 1980களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ரோஜர் சியென், கால்சியத்தைப் பிடித்தால் ஒளிரும் தன்மை மாறும் சாயங்களைத் தயாரித்தார். சாயம் செல்லுக்குள் போகாமல் வெளியே நின்றுவிடுமே என்பதற்கு அவர் ஒரு வழி செய்தார்: படலத்தைக் கடக்க உதவும் ஓர் ஒட்டுப் பகுதியைச் சாயத்தில் சேர்த்தார். உள்ளே போனதும் செல்லின் சொந்த நொதிகளே அந்த ஒட்டை வெட்டிவிட, சாயம் வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கிவிட்டது. 1982இலேயே இந்த முறையை அவர் முதலில் பயன்படுத்தியவற்றில் நிணநீர் அணுக்களும் இருந்தன. 1985இல் வந்த ஃபியூரா-2 சாயம் இன்றும் ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கிறது. ஒளிரும் பச்சைப் புரதத்துக்காக 2008இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இதே சியென்தான்.

இந்தப் பாதையில் கைவைக்கும் மருந்துகள்

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்ட யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், டாக்ரோலிமஸ் என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேரம் தவறாமல், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை. அதற்கு முன்பே வந்தது சைக்ளோஸ்போரின். நார்வேயின் ஒரு மலைச்சமவெளியிலிருந்து எடுத்த மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த சாண்டோஸ் நிறுவனம் பிரித்தெடுத்தது. அமெரிக்காவில் 1983இல் அனுமதி கிடைத்தது. டாக்ரோலிமஸ் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது, 1993இல் அங்கே அனுமதி பெற்றது. இரண்டும் வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஆனால் 1991இல் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் ஆய்வகம் பார்த்தபோது, இரண்டுமே செல்லுக்குள் வெவ்வேறு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போய் ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன என்று தெரிந்தது. அந்த இடம் கால்சிநியூரின்.

அதாவது கால்சியம் ஏறுகிறது, கால்மாடுலினும் எழுகிறது, அதற்குமேல் செய்தி நகர்வதில்லை. என்ஃபேட் உட்கருவுக்குப் போகாததால் டி செல் பெருகுவதில்லை, புதிய உறுப்பை உடம்பு தாக்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது என்பதையும், அந்த மருந்து வழியாகத்தான் கால்சிநியூரினுக்கு டி செல்லில் இப்படி ஒரு பங்கு இருப்பதே தெரியவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கால்சிநியூரின் டி செல்லில் மட்டும் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. சிறுநீரகத்திலும் மூளையிலும் அது இருப்பதால் இந்த மருந்துகளை எடுப்பவர்களில் பலருக்குக் கை நடுக்கமும், நாளடைவில் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி சோதிப்பது இதற்காகவும்தான். அதனால் இன்னும் மேலே போய், ஓராய்-1 கதவையே அடைத்தால் என்ன என்று ஆய்வாளர்கள் யோசித்தார்கள். அப்படிப்பட்ட மருந்து கடுமையான கணைய அழற்சியிலும், கோவிட் நிமோனியா முற்றிய நோயாளிகளிடமும் சோதனை முறையில் கொடுத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. இவை நோயெதிர்ப்பு அணுக்கள் அளவுக்கு மீறிக் கொந்தளித்து உடம்பையே சேதப்படுத்தும் நிலைகள், அங்கே சில நாட்களுக்கு மட்டும் கதவைச் சாத்திவைத்தால் போதும். வருடக்கணக்கில் சாத்திவைத்தால் தொற்றுகளும், தசையிலும் பல்லிலும் என்ன ஆகும் என்ற கேள்வியும் வரும். அந்த இரண்டு குழந்தைகளின் நோயிலிருந்து கிடைத்த அறிவைத்தான் மருந்தின் அளவையும் நாட்களையும் தீர்மானிப்பவர்கள் இப்போது கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள்.